எட்டாவது மாடிக்கு வஞ்சரம்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். நடுநடுவே சிரித்துக்கொண்டு பேனாவைக் கீழே போட்டுவிடுகிறாள்.

அவள் குடும்பத்துக்கு கவர்மெண்டில் ஊருக்கு வெளியே எட்டாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். நான் பட்டினப்பாக்கத்திலேயே மீன் விற்றுக்கொண்டு தங்கிவிட்டேன். போன வருஷம் அவளைப் பார்க்கப் போனபோது கரண்ட் போய், லிஃப்டில் தனியாக மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து லிஃப்ட் கதவைப் பார்த்தாலே மார் அடைக்கும். படியில் ஏற முட்டி விடாது. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து, மூன்றாம் மாதம் தொட்டில் போட நாள் குறித்துவிட்டார்கள். பேத்தியைத் தொட்டிலில் போட வேண்டியவள் நான். நானோ கீழே நின்று மாடியை அண்ணாந்து பார்க்கிறேன்.

மந்தைவெளியில் என்னிடம் மீன் வாங்கும் டீச்சரம்மா, மனசுக்குப் பார்க்கிற கவுன்சிலர் ஒருவரிடம் அனுப்பினார். குறி சொல்கிறவர் என்று நினைத்து எலுமிச்சம்பழம், வெற்றிலை பாக்கோடு போனேன். குறி கேட்கப் போனால் நாம் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அதையே நம்மிடம் திருப்பிச் சொல்லிவிடுவார்கள். அதனால் கம்மென்று உட்கார்ந்தேன். அவரும் கம்மென்று உட்கார்ந்திருந்தார். ஃபேன் சுற்றியது. நல்ல ஃபேன், சத்தமே இல்லை. என் வீட்டு ஃபேன் போட்டால் பக்கத்து வீட்டுக்காரி எழுந்துவிடுவாள். கடைசியில் என்னால் முடியவில்லை.

"இன்னாம்மா, ஒண்ணும் வரலியா?"

"எனக்கு எதுவும் வராதும்மா. நீங்க சொன்னாத்தான் தெரியும்."

"அப்போ இவ்ளோ நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

"நீங்க பேசுவீங்கன்னு காத்துட்டு இருந்தேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அப்புறம் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த சர்டிபிகேட்டை எல்லாம் படித்துக் காட்டச் சொன்னேன். மீனைச் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிற ஊர் இது, நான் மட்டும் பார்க்காமல் வாங்குவேனா? விரல் வைத்துப் படித்தார். முதலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராம். பிள்ளைகளுக்கு வராதது கணக்கில்லை, பயம்தான் முன்னால் நிற்கிறது என்று கண்டு, வேலையை விட்டு மனசைப் பற்றிப் படித்தாராம். கொஞ்ச காலம் ஆஸ்பத்திரி, இப்போது சொந்தமாக இந்த அறை.

பயத்தை எடுத்துவிடுகிறேன் என்று அவர் சொல்லவே இல்லை. வந்தால் வரட்டும், ஏறினது தானே இறங்கும், அதுவரை கூட நிற்கலாம் என்றார். அவர் அறை இருந்த கட்டடத்து லிஃப்ட்தான் எங்கள் பள்ளிக்கூடம். முதல் வாரம் கதவைப் பார்த்ததோடு சரி. அடுத்த வாரம் பட்டனை அழுத்திவிட்டு ஓடி வந்தேன். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு மாடி. உள்ளே மூச்சு நின்றுவிடுகிறது என்றேன்.

"எப்போ நல்லா மூச்சு விடுவீங்க?"

"மீனு கூவசொல்லோ."

"அப்போ கூவுங்க."

தொட்டில் போடுகிற நாள் வந்தது. மகள் வீட்டு லிஃப்டில் தனியாக ஏறினேன். கதவு மூடியதும் மாடிக்கு ஒரு மீன் என்று கூவ ஆரம்பித்தேன். நெத்திலி, சங்கரா, கெழங்கா, பாறை. ஐந்தாவதில் நெஞ்சு அடித்தது, இன்னும் உரக்கக் கூவினேன். எட்டாவதில் வஞ்சரம் என்றபோது கதவு திறந்தது. வாசலில் இரண்டு பெண்கள் கிண்ணத்தோடு நின்றார்கள்.

"வஞ்சரம் இன்னா வெல ஆயா?"

மீன் எதுவும் இல்லை, பேத்தியைத் தொட்டிலில் போட வந்திருக்கிறேன் என்றேன். கிண்ணத்தை வைத்துவிட்டு அவர்களும் கூடவே வந்தார்கள்.