பின்னுக்கு எடுக்கும்போது கேட்ட குரல்

லொறியை முன்னுக்கு ஓட்டுவதில் எனக்கு ஒரு கரைச்சலும் இருந்ததில்லை. பின்னுக்கு எடுக்கச் சொன்னால்தான் கை என் சொல் கேட்காது. மீசை அரும்ப முதலே பேசாலைக் கடலில் வள்ளத்தின் பின்னணியத்தில் குந்தியிருந்து எஞ்சின் பிடித்த கை அது. வள்ளத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் எஞ்சின் பிடியை இடப்பக்கம் தள்ள வேண்டும். லொறியின் ஸ்டியரிங் அப்படியில்லை. நிதானமாக இருக்கும்போது இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பின்னால் எல்லைக்கு நிறுத்தி வைத்த வெற்று எண்ணெய்ப் பரல் நெருங்குவதைக் கண்ணாடியில் கண்டால் போதும், எல்லாம் மறந்து கை வள்ளம் ஓட்டத் தொடங்கிவிடும். படார் என்று பரல் சரியும்.

“அண்ணை, இது வள்ளம் இல்லை. பின்னுக்கு நிக்கிற நான் மீனும் இல்லை,” என்பான் எனக்கு லொறி பழக்கிய பொடியன். எருக்கலம்பிட்டி முஸ்லிம் பொடியன், என்னைவிட எவ்வளவோ இளையவன்.

“வாயை மூடிக்கொண்டு பரலை நிமித்தடா தம்பி,” என்று எரிந்து விழுவேன். பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம்.

உண்மையில் கோபம் அவனோடு இல்லை. முதல் லைசன்ஸ் ட்ரயலில் இந்தப் பின்னுக்கு எடுக்கிற வேலையில்தான் நான் கோட்டைவிட்டிருந்தேன். சின்ன வாகன லைசன்ஸ் என்னிடம் கனகாலமாக இருந்தது. பெரிய வாகன லைசன்ஸும் கிடைத்தால் கொழும்புக்கு மீன் ஏற்றும் லொறியில் ஓட்டுநர் வேலை காத்திருந்தது. அடுத்த ட்ரயல் வரைக்கும்தான் பொறுப்பேன் என்று லொறி முதலாளி சொல்லிவிட்டார். அதுவரை காலையில் மற்றவர்களின் வள்ளத்தில் தொழிலுக்குப் போய்வந்து, பின்னேரம் லொறி பழகினேன்.

“இந்த முறையும் பிழைச்சால் நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வங்காலைக்கு அம்மாவிட்டப் போயிடுவன். ஒவ்வொரு நாளும் கரையில நிண்டு காத்திருக்க என்னால ஏலாது,” என்றாள் மனைவி. சும்மா மிரட்டுகிறவள் இல்லை அவள்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் கூடப்பிறந்த தம்பி. ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர்கள் நாங்கள். எனக்குக் காய்ச்சல் என்று அவன் தனியாகப் போன ஒரு நாள், திரும்பி வரவில்லை. தலைமன்னாருக்கு அப்பால் ஒரு மணல் தீடையில் வள்ளம் கிடைத்தது. எஞ்சின் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. நங்கூரம் ஒழுங்காகப் போடப்பட்டிருந்தது. சோற்றுப் பார்சல் அவிழ்க்காமல் இருந்தது. ஆறுதலாக, அவசரமில்லாமல் இறங்கி எங்கேயோ நடந்து போயிருக்கிறான். ஆனால் அந்தத் தீடையில் நடந்து போக ஓர் இடமும் இல்லை, சுற்றிவரத் தண்ணீர்தான்.

அம்மா அந்த நங்கூரத்தையே பிடித்துக்கொண்டார். பிள்ளை உயிரோடு இருக்கிறான், இந்தியாவில் ஏதோ சிறையில் வைத்திருக்கிறார்கள் என்றார். தேவாலயத்தில் இறந்தவர்களுக்கான பூசை ஒப்புக்கொடுக்க விடவேயில்லை. “உசிரோட இருக்கிற பிள்ளைக்கு என்ன பூசை?” என்று வீட்டுக்கு வந்த பங்குச் சுவாமியையே ஏசி அனுப்பினார்.

லொறி பழகியது ஓலைத்தொடுவாய்ப் பக்கம், கடலோரத்து வெட்டைவெளி ஒன்றில். ஒரு பின்னேரம், பொழுதுபடுகிற நேரம், காற்று அடியோடு விழுந்துவிட்டது. மன்னாரில் காற்று நின்றால் எனக்கு என்னவோ செய்யும். தூரத்தில் மின்சாரம் எடுக்கும் பெரிய காற்றாடிகள் எல்லாம் கையை விரித்தபடி அசையாமல் நின்றன. நான் ரிவர்ஸ் போட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

“வரட்டும்... வரட்டும்...”

கண்ணாடியைக்கூட நான் பார்க்கவில்லை. குரல் வந்த பக்கம் லொறியை விட்டேன், குரல் நின்றதும் நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் இரண்டு வரிசைப் பரலுக்கும் நடுவில் லொறி நூல் பிடித்தமாதிரி நிற்கிறது.

“பாத்தியாடா தம்பி!” என்று சந்தோசத்தில் கத்தினேன். பொடியனின் பதில் தூரத்துப் பனையடியிலிருந்து வந்தது. போனைக் காதில் வைத்தபடி ஓடிவந்தான்.

“என்ன அண்ணை, நான் இல்லாமலே எடுத்துப்போட்டியளோ?”

“நீதானே பின்னுக்கு நிண்டு கூப்பிட்டனீ?”

“அல்லாவே! நான் வீட்டோட கதைச்சுக்கொண்டு நிண்டனான். ஆரும் கூப்பிடேல்லை அண்ணை.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் எப்போதும் “வாங்கோ, வாங்கோ” என்றுதான் சொல்வான். “வரட்டும்” என்பது எங்கள் வள்ளத்துப் பேச்சு. எங்கள் கரை ஆழமில்லாதது. வள்ளம் கிட்ட வரும்போது ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் குதித்து, காலால் மணலைத் தடவித் தடவி முன்னே நடப்பான். வழி இருக்கும்வரை “வரட்டும், வரட்டும்” என்று கூப்பிடுவான். எங்கள் வள்ளத்தில் அது தம்பியின் வேலை. இருட்டோ மழையோ, அவன் குரலைப் பிடித்துக்கொண்டு நான் கரை சேர்ந்துவிடுவேன்.

வெட்டையில் கொஞ்சக் கழுதைகள் நின்றன. அவை எங்களைப் பார்க்கவில்லை. காதுகளை நிமிர்த்தி, கடலை நோக்கி நடந்து போகிற யாரையோ பார்ப்பதுபோல, எல்லாம் ஒன்றாக மெல்லத் தலையைத் திருப்பின. கடற்கரையில் ஒருவரும் இல்லை.

அதன் பிறகு காற்று விழுந்த பின்னேரங்களில் எல்லாம் அந்தக் குரல் கேட்டது. மனைவியிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“சேசுவே! அந்த ஆத்துமம் அந்தரிச்சுத் திரியுது. நாளைக்கே சுவாமியிட்டப் போய்ப் பூசைக்குச் சொல்லுங்கோ.”

“ட்ரயல் முடியட்டும்.”

“உங்களுக்கென்ன விசரே?”

விசர்தான். குரல் வந்தால் என் கை பிழைப்பதில்லை. நான் கடலை விட்டுவிட வேண்டுமென்று தம்பியே உதவி செய்கிறான் என்று நினைத்தேன். பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அவன் குரலைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. பின்னேரமானால் காற்று விழுமா என்று காற்றாடிகளையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ட்ரயல் மன்னாரில், நல்ல வெயில் காலையில். பக்கத்தில் சிங்களப் பரிசோதகர் ஒருவர், அதிகம் பேசாதவர். வீதியில் ஓடியதெல்லாம் சரியாக அமைந்தது. கடைசியில் ஒரு வெளிக்குக் கொண்டுபோய், பரல்களுக்கு நடுவே பின்னுக்கு எடுக்கச் சைகை காட்டினார். வெளிக்கு அப்பால் ஒரு கம்பிவேலி, அதற்கு அப்பால் பரவைக் கடல். ரிவர்ஸ் போட்டதும் காற்று நின்றது.

“வரட்டும்...”

பட்டப்பகலில் கேட்டது. பரிசோதகர் கண்ணைக்கூட அசைக்கவில்லை. நான் குரலின் பின்னே போனேன். லொறி அழகாகப் பரல்களுக்குள் நுழைந்தது. நிற்க வேண்டிய கோடு கண்ணாடியில் தெரிந்தது. ஆனால் குரல் நிற்கவில்லை. “வரட்டும்... வரட்டும்...” என்று கோட்டைத் தாண்டியது, கம்பிவேலியைத் தாண்டியது. கடலில் இருந்தபோது அவன் என்னை எப்போதும் கரைப் பக்கமாகத்தான் கூட்டிக்கொண்டு போனான். இப்போது தண்ணீர்ப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தான்.

வள்ளத்துக்குப் பிரேக் இல்லை. லொறிக்கு அது இருக்கிறது என்ற நினைப்பு என் காலுக்கு வர ஒரு கணம் பிடித்தது. பிறகு உள்ள பலம் எல்லாம் போட்டு மிதித்தேன். லொறி குலுங்கி, கோட்டின்மேல் நின்றது. தூரத்தில் இன்னும் ஒரு தரம் “வரட்டும்” என்று கேட்டது. அதன் பிறகு காற்றுச் சத்தம் மட்டும்தான்.

“ஹரி,” என்று சிங்களத்தில் சரி சொல்லித் தலையை ஆட்டிவிட்டுப் பரிசோதகர் இறங்கினார். நான் பாஸ். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் குழந்தைமாதிரி அழுதேன். வெளியே நின்ற பொடியன், பாஸ் பண்ணின சந்தோசம் என்று நினைத்து முதுகில் தட்டினான்.

வீட்டில் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, “இப்பவே போய் மாமியிட்டச் சொல்லுங்கோ. பூசைக்கு ஓம் எண்டு சொல்ல வையுங்கோ,” என்றாள். போனேன். அம்மா முற்றத்தில் குந்தியிருந்து கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“பாஸ் பண்ணிட்டன் அம்மா.”

“அப்ப இனிக் கடலுக்குப் போகமாட்டாய்?”

“இல்லையம்மா. இனி லொறிதான்.”

சந்தோசப்படுவார் என்றுதான் நினைத்தேன். அம்மாவின் கை நின்றுவிட்டது.

“நீ கடலுக்குப் போய்த் தம்பியைத் தேடுறாய் எண்டுதானே நான் இவ்வளவு நாளும் இருந்தனான்,” என்றார். “இனி அவனை ஆர் தேடுறது?”