வெள்ளைக் கூரையில் சிவப்புக் கோடு

தம்பி பரசா பூசிய கூரையைக் காட்டுவதற்கென்றே மகோகா ஆட்களை ஐந்தாம் மாடிக்கு இழுத்து வருவான்.

"எங்கயாவது ரோலர் தடம் தெரியுதா பாரு. என் தம்பி கை அது."

நைரோபியில், கிலிமானிப் பக்கம் எழும்பிய அந்த அடுக்குமாடியில் மகோகா கேபிள் மேஸ்திரி. தளத்துக்குள் எஃகுக் கேபிள்களை ஓடவிட்டு, கான்கிரீட் இறுகியதும் ஜாக்கியால் இழுத்து முனையில் பூட்டுவது அவன் வேலை. அந்த இழுப்பில்தான் தளம் நிற்கிறது. கேபிள் ஓடும் இடத்தைத் தளத்தின் அடிப்பக்கத்தில், அதாவது கீழ் வீட்டின் கூரையில், சிவப்புக் கோடாகப் போட்டு வைப்பான். சிவப்பு இல்லாத இடத்தில் துளை போடலாம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். குழாய் வேலை முடியும்வரை பெயிண்டர் அந்தக் கோடுகளைத் தொடக் கூடாது. தொடலாம் என்று சொல்ல வேண்டியவன் மகோகாதான்.

ஐந்தாம் மாடியில் பூசலாம் என்று அவன் முன்கூட்டியே சொல்லிவிட்டான். கட்டட முதலாளி பார்க்க வருவதாக இருந்தது. தம்பியின் வேலை அவர் கண்ணில் பட வேண்டும்.

"குழாய்க்காரங்க முடிச்சுட்டாங்களாண்ணே?" என்று பரசா கேட்கத்தான் செய்தான்.

"முடிச்ச மாதிரிதான். நீ அடி."

சமையலறைப் பக்கம் ஒரு துளை பாக்கியிருந்தது. துளை போடும் கிலோன்சோ டார்ச் அடித்துக் கூரையைப் பார்த்தான். பளிச்சென்ற வெள்ளை. ட்ரில்லை ஏற்றினான். கேபிள் அறுந்த சத்தம் தெருவரை கேட்டது. அதன் முனையை மூடியிருந்த சிமெண்ட் பூச்சு வெளிச்சுவரிலிருந்து பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, கீழே ஆள் இல்லை.

எஞ்சினியர் அச்சியெங் அம்மா தளத்துக்கு முட்டுக் கொடுக்கச் சொன்னார். சிவப்புக் கோட்டைப் பார்க்காமல் துளைத்துவிட்டான், வெள்ளை அதற்குப் பிறகு பூசியது என்று நினைத்து, சனிக்கிழமைக்கு மேல் வர வேண்டாம் என்று கிலோன்சோவிடம் சொல்லிவிட்டார்.

மதியம் தகரக் கொட்டகைச் சாப்பாட்டுக் கடையில் சப்பாத்தியும் அவரையும். ஒருவன் தட்டைக் கிலோன்சோ முன்னால் தள்ளினான்.

"மச்சான், இந்த அவரை செவப்பா வெள்ளையான்னு பாத்துச் சொல்லு. உன் கண்ணு மேல எனக்கு ரொம்ப நம்பிக்கை."

எல்லோரும் சிரித்தார்கள்.

"வெள்ளையாத்தாம்ப்பா இருந்துச்சு," என்றான் கிலோன்சோ. "ஒரு கோடுகூட இல்ல."

மகோகா சப்பாத்தியைப் பாதியில் தட்டிலேயே வைத்தான். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனான்.

துளையைச் சுற்றிக் கான்கிரீட்டைக் கொத்தித் திறந்தார்கள். பிய்ந்த கம்பிகளை வெட்டியெடுத்துவிட்டு, இணைப்பு வைத்துப் புதுத் துண்டைச் சேர்த்தார்கள். மகோகா ஜாக்கியை இயக்கினான். இழுத்ததில் கேபிள் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று டேப் வைத்துப் பார்த்தான்; நம்பாமல் மறுபடியும் பார்த்தான். சரியாக இருந்தது. கொத்திய இடத்தை அடைத்தார்கள்.

"பழைய இழுப்பு வந்துருச்சு மேஸ்திரி," என்றார் அச்சியெங். "காஞ்சதும் பரசா ஒரு கை பூசிட்டா எதுவுமே தெரியாது."

பரசா ரோலரோடு நின்றான். அண்ணனைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். மூலையில் கிலோன்சோ சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.

மகோகா சிவப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். அந்த வெள்ளையின் மேல், கேபிள் ஓடும் வழியே கோடு இழுக்கத் தொடங்கினான்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"மேடம், கிலோன்சோ பாக்குறப்ப இந்தக் கோடு இங்க இல்ல. பூசச் சொன்னது நான். குழாய் வேலை பாக்கின்னு தெரிஞ்சேதான் சொன்னேன்."

"தெரிஞ்சே எதுக்குச் சொன்னீங்க?"

"மொதலாளி வர்றப்ப தம்பி வேலை தெரியணும்னு."

அச்சியெங் மூலையைப் பார்த்தார்.

"கிலோன்சோ, பையைக் கட்டாத. நீ திங்கக்கிழமை வா." பிறகு ஏணிப் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, மிச்சக் கோட்டையும் போட்டு முடிங்க. சனிக்கிழமை உங்க கணக்கை முடிச்சுக்கலாம்."

பரசா ரோலரைக் கீழே வைத்துவிட்டு வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான். கோடு நூல் பிடித்ததுபோல் நேராகத்தான் வந்தது. கிலோன்சோ நிமிர்ந்து பார்க்கவில்லை.