கீழே நின்று சொல்ல ஒரு ஆள்

என் மாமாவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ‘மீட்டர்’ என்பார்கள். மின்சார அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து, வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவர். வாசலில் நின்று “ரீடிங்” என்று ஒரே ஒரு சொல் சொல்வார். உள்ளே வருவார், சுவரைப் பார்ப்பார், அட்டையில் எண்ணை எழுதுவார், போய்விடுவார். வெயிலுக்குத் தண்ணீர் கொடுத்தால் வேண்டாமென்று கையை ஆட்டுவார். அத்தை இதைச் சொல்லிச் சிரிப்பாள். “எங்க வீட்டுக்கும் அப்படித்தான் வர்றார். சுவரைப் பாக்குறார், போறார்.”

அவர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. வீடு ஊரின் கடைசி விளக்குக் கம்பத்தையும் தாண்டி, வயலுக்கு நடுவில் தனியாக நிற்கிறது. மூன்று அறைகள், மேலே மொட்டைமாடி, அதில் ஏற ஒரு இரும்பு ஏணி. அவ்வளவு தூரத்துக்கு கேபிள் டிவி கிடையாது. “ஒரு வீட்டுக்காக நான் ஒன்பது கம்பம் நட முடியுமா சார்?” என்று கேபிள்காரர் சொல்லிவிட்டார். மகள் வாங்கிக் கொடுத்த டிவி ஒன்று துணி போர்த்தியபடி ஹாலில் கிடந்தது.

மகளுக்குக் குழந்தை பிறந்தபோது அத்தை நகரத்துக்குப் போனாள். மூன்று மாதம் என்று சொல்லித்தான் போனாள். பதினான்கு மாதம் ஆகிவிட்டது. தினமும் சாயங்காலம் மாமா போன் செய்வார். நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன்.

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு.”

“மாத்திரை?”

“ஆச்சு.”

“சரி, சீரியல் ஆரம்பிச்சிடுச்சு. வைக்கிறேன்.”

இவ்வளவுதான். போனை மேசையில் வைத்துவிட்டு, வேறு யாராவது கூப்பிடுவார்களோ என்பதுபோல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

என் அம்மா அவருடைய தங்கை. அவளுக்குப் பொறுக்கவில்லை. “வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணா. அண்ணி வந்துடுவாங்க.”

“அவளுக்குத் தெரியாதா?”

“கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?”

“குறைய மாட்டேன். ஆனா கேட்டாச்சுன்னு ஆயிடும்ல.”

 அம்மா எழுந்து போய்விட்டாள்.

அத்தை ஒருமுறை போனில், “அங்க வந்து என்ன பண்றது, நாலு சுவரையா பாக்குறது?” என்று சொல்லியிருக்கிறாள். மாமா அதைப் பிடித்துக்கொண்டார். கேட்காமலேயே அவளை வரவைக்க ஒரு வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தார். வீட்டில் டிவி வந்துவிட்டால் அவள் சொன்ன குறை தீர்ந்துவிடும், குறை தீர்ந்தால் அவள் தானாக வந்துவிடுவாள். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாங்களாகப் புரிந்துகொண்டோம்.

மாதக் கட்டணம் இல்லாத டிஷ் ஒன்று டவுன் கடையில் கிடைத்தது. டிஷ், அதன் முன்னால் மாட்டி சிக்னலை வாங்கும் எல்.என்.பி., செட்டாப் பாக்ஸ், இருபது மீட்டர் ஒயர், கூடவே ஒரு ஆன்டெனா. மழை பெய்தால் டிஷ்ஷில் படம் போய்விடும், ஆன்டெனாவில் நிற்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். டிஷ்ஷை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்து சீட்டில் இருந்தவர், “என்ன சார், இவ்வளவு பெரிய தட்டு, வீட்டுல எத்தனை பேரு?” என்று கேட்டாராம். “ஒருத்தர்” என்றாராம் மாமா.

ஆன்டெனா சுலபமாக முடிந்தது. பைப்பில் கட்டி, குன்றின் மேல் தெரியும் டிவி கோபுரத்தைப் பார்த்துத் திருப்பினார். இரண்டு சேனல் வந்தது. ஒன்றில் செய்தி, இன்னொன்றில் பெரும்பாலும் விவசாயம்.

டிஷ்தான் அவரைப் படுத்தி எடுத்துவிட்டது. வானத்தில் இருப்பதைப் பிடிக்க வேண்டுமானால் வானத்தைத்தானே பார்க்க வேண்டும் என்று அதை நன்றாக மல்லாத்தி வைத்தார். கீழே வந்து பார்த்தால் திரையில் இரண்டு கோடுகள். மேல் கோட்டில் எண்பத்தைந்து, கீழ்க் கோட்டில் பூஜ்யம். எண்பத்தைந்து நல்ல எண் என்று நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்திருந்தார். சாயங்காலம் வரை படம் வரவில்லை. கடைக்காரருக்குப் போன் செய்தார்.

“சார், மேல் கோடு உங்க ஒயர் நல்லா இருக்குன்னு சொல்லுது. அவ்வளவுதான். கீழ இருக்கிறதுதான் மேல இருந்து வர்றது. டிஷ்ஷை எப்படி வச்சிருக்கீங்க?”

“அண்ணாந்து.”

“ஐயோ, பறவை தண்ணி குடிக்கவா? நிமிர்த்தி வைங்க சார், சுவர் மாதிரி. லேசா சாய்ஞ்சிருந்தா போதும். நீங்க மேல இருந்து இம்மி இம்மியா திருப்புங்க, வீட்டுல யாராவது டிவி முன்னாடி நின்னு வருது, வரலன்னு சொல்லட்டும். பத்து நிமிஷ வேலை.”

“சரி” என்று மாமா போனை வைத்தார். வீட்டில் யாராவது என்று யாரும் இல்லை.

பத்து நிமிட வேலை மூன்று நாள் ஆனது. ஒரு இம்மி திருப்புவார். அந்தப் பெட்டி எதையும் கண்டுபிடிக்க ஏழெட்டு நொடி எடுக்கும், அதனால் பத்து எண்ணுவார். ஏணியில் இறங்கி, செருப்பைக் கழற்றி, ஹாலுக்குள் போய்ப் பார்ப்பார். பூஜ்யம். மறுபடியும் செருப்பு, மறுபடியும் ஏணி. முதல் நாள் மட்டும் நாற்பத்தோரு தடவை ஏறி இறங்கினாராம். எண்ணாமல் விடமாட்டார், எண்ணியே பழகிய மனிதர்.

பிறகு இதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. “என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல மாமா?”

“நீ படிக்கிற பொண்ணு.”

“நான் ஸ்கூல் முடிச்சு நாலு மாசம் ஆச்சு.”

“அப்படியா?” என்றார். நிஜமாகவே தெரியாதவர்போல் என்னை ஒரு முறை பார்த்தார்.

இரண்டாம் நாள் டிவியை வாசல் பக்கம் திருப்பி, அத்தையின் பெரிய கண்ணாடியை வெளியே ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தார். மாடி விளிம்பில் நின்றால் கண்ணாடியில் திரை தெரியும். ஆனால் வெயில் வீட்டுக்குப் பின்னால் போகும்வரை கண்ணாடி முழுக்கச் சூரியன்தான். மூன்றாம் நாள் நாலு மணிக்குமேல் கீழ்க் கோடு அசைந்தது. கண்ணாடியில் அது வலமிருந்து இடமாக வளர்ந்தது. பிறகு படம் வந்தது. யாரோ ஒரு பெண் இடது கையால் தையல் தைத்துக்கொண்டிருந்தாள். அது நிஜத்தில் வலது கை என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனதாம். நட்டை இறுக்கினார். டிஷ் நிற்கும் நிலையைப் பைப்பில் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் கீழ்க் கோடு காட்டிய எழுபத்திரண்டு என்ற எண்ணும் எழுதினார்.

அன்று சாயங்காலம் போனில் மாத்திரைக்கு அப்புறம் அவரே பேசினார். “வீட்டுல டிவி வருது. எண்பத்தொரு சேனல்.”

“என் சீரியல் வருதா?”

“அது காசு கட்டுற சேனலாம்.”

“எண்பத்தொண்ணுல நான் பாக்குறது மட்டும் இல்லையா?” அத்தை சிரித்தாள். அப்புறம், ஒரு அலுவலகக் கையெழுத்துக்காகச் சனிக்கிழமை வர வேண்டியிருக்கிறது, இரண்டு நாள் இருப்பேன் என்றாள்.

மாமா வெள்ளிக்கிழமை வீட்டைக் கழுவினார். சனிக்கிழமை மதியம் அத்தை பையோடு வந்தாள். நானும் போயிருந்தேன். அத்தை முகம் கழுவிக்கொண்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தாள். ரிமோட்டை அழுத்தினாள். சிக்னல் இல்லை என்று நீலத் திரை வந்தது. எண்பத்தொன்றையும் மாற்றிப் பார்த்தாள். எல்லாம் நீலம்.

“எண்பத்தொண்ணு என்னங்க ஆச்சு?”

“காத்துல திரும்பியிருக்கும்” என்றார் மாமா. “நான் மேல போறேன். நீ இங்க நின்னு சொல்லு.”

அந்த வீட்டில் அவ்வளவு சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

“வருதா?”

“வரல!”

“இப்ப?”

“வரல... இருங்க, வருது, வருது, ஒரு ஆளு தெரியிறான்... போச்சு!”

“எந்தப் பக்கம் திருப்ப?”

“என் கைப்பக்கம்!”

“உன் கை எனக்கு எப்படித் தெரியும்?”

“முப்பது வருஷமாச் சாப்பிட்ட கை தெரியாதா? வலது பக்கம்! ஐயோ, அங்க இல்ல! வந்ததை விட்டுட்டீங்க! அசையாதீங்கன்னு சொன்னா அசையிறீங்களே!”

வயலில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அத்தை சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கதவுக்கும் டிவிக்கும் நடுவில் ஓடினாள். முதலில் சிரிப்பாக இருந்தது. நாலு முறை படம் வந்தது, நாலு முறையும் போனது. ஒரு மணி நேரம் ஆனது. அத்தைக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஐந்தாவது முறை அவள் கத்தவில்லை. வெளியே வந்து ஏணியில் ஏறினாள். விழுந்துவிடுவாளோ என்று நானும் பின்னால் ஏறினேன்.

மாமா டிஷ்ஷில் கை வைத்தபடி, “வருதா?” என்று கீழே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. பிறந்தநாள் வந்த குழந்தைபோல இருந்தது.

அத்தை பைப்பைத்தான் பார்த்தாள். “இது என்ன எழுத்து?”

“ரீடிங்.”

“கோடு இங்க இருக்கு. டிஷ் அங்க இருக்கு.” நட்டைத் தொட்டுப் பார்த்தாள். விரலால் சுற்ற முடிந்தது. “காத்து ஸ்பேனர் வச்சிருக்குதா?”

மாமா டிஷ்ஷிலிருந்து கையை எடுத்தார். ஸ்பேனர் அவர் சட்டைப்பையில் இருந்தது. அன்று காலையில் அவரே ஏறி நட்டைத் தளர்த்தி, ஒரு சாண் திருப்பி வைத்திருக்கிறார்.

“எதுக்குங்க?”

“நீ கீழ நின்னு சொல்லணும்னு.”

“என்ன சொல்லணும்?”

“வருது, வரலன்னு.”

அத்தை மாடிச்சுவரில் உட்கார்ந்தாள். “நான் தொண்டை வத்தக் கத்தினதுக்குப் பதிலா, பதினாலு மாசத்துல ஒரு நாள் நீங்க வான்னு சொல்லியிருக்கலாம்.”

“குழந்தை இருக்கு. உனக்கு வேலை இருக்கும்...”

“இருக்கும். இல்லன்னுகூடச் சொல்லியிருப்பேன். ஆனா நீங்க கேட்டீங்கன்னு இருந்திருக்கும்ல? உங்களுக்கு நான் வேணுமா வேண்டாமான்னே தெரியாம அங்க உக்காந்திருக்கேன்.”

அவள் ஸ்பேனரை வாங்கினாள். டிஷ்ஷைப் பென்சில் கோட்டுக்கு நேராகத் திருப்பி, நட்டை அவளே இறுக்கினாள். கீழே யாரும் இல்லாத ஹாலில் ஒரு ஆள் ஏதோ விளம்பரம் படிக்க ஆரம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் டிவி பார்த்தார்கள். கடலுக்கு அடியில் வாழும் மீன்களைப் பற்றிய நிகழ்ச்சி. நடுவில் நாற்காலி ஒன்று காலியாக இருந்தது என்று அம்மா வந்து சொன்னாள்.

திங்கட்கிழமை காலை நான் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகும் பஸ்ஸில்தான் அத்தையும் ஏறினாள். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். மாமா கீழே நின்றார். கண்டக்டர் விசில் கொடுக்கும்வரை அத்தை அவரையே பார்த்தாள்.

“சொல்றதுக்கு ஏதாவது இருக்கா?”

மாமாவின் வாய் திறந்தது. “ஜன்னல்ல காத்து அடிக்கும். காதை மூடிக்கோ” என்றார்.

பஸ் நகர்ந்தது. அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. அவள் நிஜமாகவே காதைத் துண்டால் மூடிக்கொண்டாள். 

அதற்கு ஒன்பது நாள் கழித்து மாமா கேட்டார். நான் அப்போது அங்கே இருந்தேன், டிவி அணைத்திருந்தது. சாப்பாடு, மாத்திரை எல்லாம் முடிந்த பிறகு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, முன்பு வீட்டு வாசல்களில் “ரீடிங்” என்று சொன்ன அதே குரலில், “வா” என்றார்.

அந்தப் பக்கம் சீரியல் சத்தம் நின்றது. பிறகு அத்தை, குழந்தைக்கு இன்னும் நடக்கவே வரவில்லை, மகள் வேலைக்குப் போகிறாள், எப்படி விட்டுவிட்டு வருவது என்றாள். குரலில் கோபம் இல்லை. மாமா “சரி” என்றார். போனை மேசையில் வைத்தார்.

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். தினமும் அதே ஒரு சொல்தான். முன்னால் பின்னால் எதுவும் சேர்க்க அவருக்கு இன்னும் வரவில்லை. அத்தை தினமும் ஒரு காரணம் சொல்கிறாள். இதை நான் எழுதும்வரை அவள் வரவில்லை. வருவாள் என்றும் என்னால் சொல்ல முடியாது.

நேற்று மட்டும் அவள் காரணம் சொல்லவில்லை. “அங்க இப்ப கொசு எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“நிறைய இருக்கு” என்றார் மாமா. பொய் சொல்லத் தெரியாது.

போனை வைத்த பிறகு என்னிடம் திரும்பினார். அவர் என்னிடம் ஒரு விஷயம் கேட்பது அதுதான் முதல் தடவை.

“வராத ஆள் கொசுவைப் பத்திக் கேப்பாங்களா?”