மீராலெவ்வை நிரப்பாத வயல்

சட்டத்தரணி மீராலெவ்வை காலமான செய்தியை எனக்கு முதலில் சொன்னவர், அவரால் அடிக்கடி நீதிமன்றப் படியேறிய மனிதர்தான். பெயர் சலீம். கிறவல் மண் ஏற்றும் டிப்பர் லொறிகளின் சொந்தக்காரர். சுபஹுத் தொழுகை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன், தொலைபேசி அடித்தது. “சேர், ஒங்கட கூட்டாளி மௌத்தாகிட்டாரு. பள்ளியில இன்னும் சொல்லல்ல” என்றார். பிறகு, “எத்தின தரம் என்ட டிப்பரப் புடிச்சுக் குடுத்த மனிசன். எண்டாலும் மனசு கேக்குதில்ல” என்றார். எனக்கும் கேட்கவில்லை.

கல்முனை நீதிமன்றப் படிகளில் எங்கள் இருவரையும் கண்டவர்களுக்கு நான் யார் என்று சொல்லத் தேவையில்லை. காணாதவர்களுக்காகச் சொல்கிறேன். வயலை மண் போட்டு நிரப்புவதற்கு எதிராக அவர் வழக்குப் போடுவார். நிரப்புகிறவர்களுக்காக நான் எழும்பி நிற்பேன். உள்ளே கீரியும் பாம்பும். வெளியே வந்தால் ஒரே மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புவோம்.

எங்கள் ஊர்களுக்குக் கிழக்கே கடல், மேற்கே நாங்கள் வட்டை என்று சொல்லும் வயல்வெளி. நடுவில் வீட்டோடு வீடு ஒட்டிக் கிடக்கிறது ஊர். மகளைக் கட்டிக்கொடுப்பதென்றால் வீடும் கொடுத்தாக வேண்டும். அது எங்கள் வழக்கம். கடலை நிரப்ப முடியாது, ஆகவே வயலை நிரப்புகிறோம். அனுமதி இல்லாமல் நிரப்பக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. வீட்டில் கலியாணமாகாத கொமர்ப்பிள்ளையை வைத்திருக்கும் வாப்பாவுக்குச் சட்டமா பெரிது என்று நான் கேட்பேன். “எனக்கும் மூணு கொமர் இரிக்கி மச்சான். அதுக்காக மாரித் தண்ணிய வானத்துக்கா திருப்பி அனுப்புற?” என்பார் அவர்.

வழக்குப் போடுமுன் எதிராளியின் வீட்டுக்கு நேரே போய்ச் சொல்லிவிட்டு வருவார். எல்லாரும் எல்லாருக்கும் சொந்தக்காரராக இருக்கிற ஊரில் வேறு எப்படி நடந்துகொள்வது என்பது அவர் கேள்வி. அவரைப் புதிதாய்க் காண்கிறவர்கள், லோயர் சமாதானம் பேச வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதிரையைத் துடைத்துப் போடுவார்கள். “நாளைக்கு ஒங்களுக்கு எதிரா வழக்குப் போடப் போறன். தேத்தண்ணி இப்ப வாணாம். வழக்கு முடியட்டும், வந்து குடிக்கிறன்” என்பார். சொன்னபடி போய்க் குடிப்பார், தோற்றாலும். சலீம் வீட்டில் மட்டும் அவர் குடித்த தேத்தண்ணிக்குக் கணக்கில்லை.

வழக்கோடு நின்றிருந்தால் நான் அவரைச் சமாளித்திருப்பேன். நிரப்பாதே என்று மட்டும் சொன்னால் வாப்பாமார் எங்கே போவது என்று ஒருநாள் மன்றத்திலேயே கேட்டேன். அந்தக் கேள்வியை அவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு சில வருடங்கள், சின்னக் காணிகளிலும் மாடி கட்ட இடம் தரும் விதிகளை எழுதிக்கொண்டு உள்ளூராட்சிச் சபைக்கும் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குமாக அலைந்தார். கூரையில் சோலார், முற்றத்தில் மழைத் தண்ணீர்த் தொட்டி என்று அதில் இல்லாதது இல்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடம் போய், உம்மாவின் வீட்டுக்கு மேலே கட்டுகிற வீடும் சீதன வீடுதான் என்று ஜும்ஆவில் சொல்லச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். அவர் மறுபடியும் போனார். சபை விதி ஒருவழியாக வந்துவிட்டது. ஊர் மனம்தான் வரவில்லை.

அந்தச் சிக்கல் அவர் வாசலுக்கே வந்து சேர்ந்தது. இரண்டாவது மகள் சப்னாவுக்கு நல்ல இடமொன்று பொருந்தியிருந்தது. பேச்செல்லாம் முடிகிற நேரத்தில் மாப்பிள்ளையின் மாமா வட்டைப் பக்கம் கையைக் காட்டி, “அங்க ஒங்கட வயல் இரிக்கிதானே. அதுல ஒரு துண்ட நிரப்பி வீட்டக் கட்டிக் குடுங்க, விசயம் முடிஞ்சிது” என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். மேல் வீடு கட்டித் தருகிறேன் என்றார் மீராலெவ்வை. மாடியில் ஏறிக் குடியிருக்க எங்கள் பிள்ளைக்கு என்ன குறை என்று அவர்கள் எழும்பினார்கள்.

அன்றைக்கு அவரை நான் நன்றாகத் திட்டினேன். “ஒரு துண்டுதானே மச்சான். ஒனக்கு எதிரா ஆரு வழக்குப் போடப் போற?”

“அதுதான் எனக்குப் பயமா இரிக்கி” என்றார்.

மனைவி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒருநாள் நான் இருக்கும்போதே மீராலெவ்வை மகளைக் கூப்பிட்டார். “வாப்பா நிரப்பவா? நீ சொன்னா நிரப்புறன்.” சப்னா நிலத்தைப் பார்த்தபடி, “மேல கட்டுங்க வாப்பா” என்றாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் அதைச் சந்தோசமாகச் சொல்லவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மேல் வீடு எழுந்தது, ஜன்னலுக்குத் திரையும் போட்டார்கள். பெண் கேட்டு வந்தவர்கள் படியில் கால் வைக்காமலே திரும்பிப் போனார்கள். சப்னாவுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும்.

கடந்த மாரியில் தோணா நிறைந்தது. ஊர்த் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டு போகிற நீரோடை அது. அது நிறைந்தால் தண்ணீர் வட்டைக்குத் திரும்பும். வட்டையிலோ இப்போது வீடுகள். சலீம் ஏற்றி வந்த மண்ணில் எழுந்த என் மகளின் வீடும் அவற்றில் ஒன்று. இடுப்பளவு வெள்ளத்தில் பேரப்பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நாங்கள் போன இடம் மீராலெவ்வையின் மேல் வீடு. எங்களைப் போல இன்னும் சில குடும்பங்கள் அங்கே ஏறியிருந்தன. அவர் என்னிடம் ஒரு சொல் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லிவிட்டால் நல்லது என்றுகூட இருந்தது. அவரோ ஒரு கத்தியை என் கையில் தந்து, “வழக்கு ஒத்திவைப்பு மச்சான். கறிக்கு வெங்காயம் வெட்டு” என்றார். மூன்று வேளையும் அவர் வீட்டுச் சோறுதான் தின்றோம். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. அல்லாஹ் அவருக்கு அந்தச் சோற்றின் நன்மையைக் குறைவில்லாமல் கொடுக்கட்டும்.

நல்லடக்கம் முடிந்து சில நாட்களின் பின் சப்னா என் வீட்டுக்கு வந்தாள். வயல் இப்போது சகோதரிகள் மூவருக்கும் உரியது. விற்கப் போகிறார்கள், காணி உறுதிப் பத்திரம் எழுதித் தரச் சொல்லிக் கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். விற்றாலும் நான் குற்றம் சொல்லியிருக்கமாட்டேன். அவள் பட்டது போதும். அவள் சொன்னது வேறு. வெள்ளத்துக்குப் பயந்து, வயலுக்குப் பக்கத்து வீட்டு வளவுகளை இன்னும் மண் போட்டு உயர்த்துகிறார்களாம்.

“அவங்க ஒசத்தினா அடுத்த மாரிக்குத் தண்ணி பதிஞ்ச வீடுகளுக்குள்ளதான் போகும் சாச்சா. தடையுத்தரவு எடுக்கணும். நீங்கதான் வரணும்.”

“ஆருக்கு எதிரா?” என்று கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு என் மருமகனின் பெயரைச் சொன்னாள். “ஒங்களுக்குக் கஷ்டமெண்டா வேற லோயரப் பாக்கிறன்.”

உள்ளே என் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள்.

“வாணாம் மகள். நானே வாறன்” என்றேன்.

மீராலெவ்வை தன் பிள்ளைகளுக்கு அந்த வயலை விட்டுப் போயிருக்கிறார். எனக்கு விட்டுப் போனது இந்த வழக்கு.