மேனகா போட்ட தமிழ்க் குப்பி

ஒரு பாடத்தை ஒரு தடவை கோட்டை விட்டால் வினாத்தாள் கஷ்டம் என்று சொல்லித் தப்பிக்கலாம். இரண்டாம் தடவையும் விட்டால் அந்தக் கதை வீட்டில்கூட எடுபடாது. கொட்டாஞ்சேனை மேனகாவுக்கு இடைநிலை நிதிக் கணக்கீடு இரண்டாம் தடவையும் கையை விரித்துவிட்டது. பெறுபேறு வந்த அன்று பஸ்ஸில் தொங்கிக்கொண்டே போனைப் பார்த்தாள். பார்த்ததைப் பையில் போட்டு, இறங்கி, வீட்டுக்குப் போய், அம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னாள். அழவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் தன் மேலேயே.

இத்தனைக்கும் உயர்தரத்தில் கணக்கீட்டுக்கு ஏ எடுத்தவள். டியூஷன் வகுப்பு வாசலில் அவள் படம் போட்ட பெனர் ஒன்று வெயிலில் வெளுக்கும்வரை தொங்கியது. அப்பாவுக்குப் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை. அம்மா மயிலம்மா இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் கொடுக்கிறவள். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்த குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் மேனகா. கணக்காளராக வரவேண்டும் என்பது அவளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே முளைத்த ஆசை, பிடிவாதம் என்றும் சொல்லலாம். இப்போது மிச்சம் இருப்பது ஒரே ஒரு தடவை. அதிலும் தவறினால் கணக்கீட்டுத் துறைக்குள் எடுக்க மாட்டார்கள். ஒரு பொதுப் பட்டத்தைக் கையில் கொடுத்து வாசலைக் காட்டிவிடுவார்கள்.

ஏன் தவறியது? அங்கேதான் நம் டியூஷன் மாஸ்டர்மார் வருகிறார்கள். "தியறிய விடு, கணக்கப் புடி" என்பது அவர்களுடைய வேத வாக்கு. தமிழில் படித்த பிள்ளைகள் எல்லோரும் அதை நம்பித்தான் வளர்கிறார்கள். உயர்தரம்வரை அது பலித்தும் விடுகிறது. பல்கலைக்கழகத்திலோ பாதி வினாத்தாள், காரணம் சொல் என்று கேட்கிறது, அதுவும் ஆங்கிலத்தில். முதல் தடவை மேனகா கணக்குகளை எல்லாம் அழகாகச் செய்துவிட்டு, காரணம் கேட்ட இடங்களை வெறுமையாக விட்டு வந்தாள். இரண்டாம் தடவை ரோஷம் வந்து, கணக்கீட்டு நியமங்களை ஆங்கிலத்தில் வரிக்கு வரி மனப்பாடம் செய்தாள். இடியப்பச் சட்டியின் ஆவியில் நின்றுகொண்டு முணுமுணுத்தாள். அம்மா அதை ஏதோ சுலோகம் என்று நினைத்தாள். பரீட்சையில் ஒரு கம்பனியின் நிலைமையைக் கொடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார்கள். மேனகா நியமத்தை அப்படியே கொட்டிவிட்டு வந்தாள். கேட்டது ஒன்று, எழுதியது வேறொன்று.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் குப்பி என்று ஒன்று உண்டு. பரீட்சைக்கு முன்னால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று மற்றவர்களைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்லிக் கொடுப்பது. அந்தக் காலத்தில் குப்பி விளக்கைச் சுற்றி இருந்து படித்ததால் வந்த பெயர் என்பார்கள். மேனகாவின் பீடத்தில் சிங்களக் குப்பி நடக்கும், இருக்க இடம் கிடைக்காது. ஆங்கிலக் குப்பியும் நடக்கும். தமிழில் மட்டும் கிடையாது. கெட்டிக்காரத் தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலக் குப்பியோடு ஒட்டிக்கொண்டு கரை சேர்ந்துவிடுவார்கள். மற்றவர்கள் பின்வரிசையில் தலையாட்டிக்கொண்டு இருப்பார்கள்.

மார்கழி பிறந்த வாரம், தமிழ்ப் பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுவில் முதல் தடவை எழுதவிருந்த வவுனியாப் பிள்ளை ஒருத்தி, சுபோதினி என்று பெயர், "கணக்கீட்டுக்கு ஆராவது தமிழ்க் குப்பி போடுவீங்களா?" என்று கேட்டிருந்தாள். எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேனகாவுக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை. "நான் போடுறேன்" என்று தட்டி அனுப்பிவிட்டாள்.

உடனே வந்தது கிராண்ட்பாஸ் ஸைத்தின் பதில். அவனும் அதே பாடத்தில் விழுந்தவன்தான். "ரெண்டு தரம் ஃபெயிலான ஆள் குப்பி போடுறதா? நல்லாத்தான் ஈக்கி."

"வேற யாரும் போட்டா நான் வந்து கேக்குறேன். யாரும் இல்லாட்டி நான்தான்" என்று எழுதினாள் மேனகா. ஸைத் சிரிக்கும் முகம் ஒன்றை அனுப்பினான். பிறகு எத்தனை மணிக்கு என்றும் கேட்டான்.

இடத்துக்கு அதே பீடத்துச் சாருஜா உதவினாள். வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் அவள் குடும்பத்தின் பிளட் இருந்த அடுக்குமாடிக் கட்டடம். மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போடுவதைத் தவிர வேறு வேலை நடப்பதில்லை. சாருஜா ஆங்கிலத்தில் படித்தவள், முதல் தடவையிலேயே பி எடுத்துப் பாடத்தைத் தாண்டியவள். சனிக்கிழமை காலை பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சேலைகளுக்கு நடுவே பாய் விரித்து உட்கார்ந்தார்கள். மேனகா வெள்ளைப் பலகையைத் தண்ணீர்த் தாங்கியில் சாய்த்துவைத்துத் தொடங்கினாள். கணக்கு என்றால் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மளமளவென்று போனாள். ஸைத்கூட வாயை மூடிக்கொண்டு எழுதினான்.

பழைய வினாத்தாளில் ஒரு மண்டபக் கம்பனியின் கணக்கு வந்தது. அடுத்த வருட விழாக்களுக்கு டிசம்பரிலேயே வாங்கிய முற்பணம் வருமானத்தோடு சேர்ந்திருந்தது. "அது வராது, கழிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு மேனகா அடுத்த வரிக்குப் போனாள்.

"ஏன் அக்கா வராது? காசு கைக்கு வந்திட்டுதே" என்றாள் சுபோதினி.

"அது தியறி. அத விடுங்க."

சொன்ன பிறகுதான் மேனகாவின் காதில் அது விழுந்தது. டியூஷன் மாஸ்டரின் குரலேதான். பலகைப் பேனையை மூடினாள். முகம் சுட்டது. ஸைத் என்ன சொல்லப் போகிறானோ என்று நினைத்தாள். அவனோ தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் காரணம் தெரியாது என்பது அப்போது விளங்கியது.

"எனக்குத் தெரியாது சுபோதினி. கழிக்கணும்னு தெரியும், ஏன்னு தெரியாது. அடுத்த சனிக்கிழமை சொல்றேன்" என்றாள்.

எல்லோரும் போன பிறகு சாருஜாவைப் பிடித்தாள். "நீ பி எடுத்தவதானே. ஏன்டி அது வருமானம் இல்ல?"

சாருஜா கொடியிலிருந்து சேலையை இழுத்து மடித்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "உண்மையைச் சொல்லட்டே? நான் பாடமாக்கித்தான் எழுதினனான். நல்ல காலம், பாடமாக்கினது அப்படியே வந்தது. ஏனெண்டு எனக்கும் தெரியாது."

இதைக் கேட்டதும் மேனகாவுக்கு ஆறுதல் வரவேண்டும். வரவில்லை, பயம்தான் வந்தது. தெரிந்தவர்கள் என்று இத்தனை நாள் யாரைப் பார்த்துக் கூசினாளோ, அவர்களிடமும் விடை இல்லை. அப்படியானால் தேடித்தான் ஆகவேண்டும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் இடியப்பத் தட்டுகளைக் கல்யாண மண்டபத்துச் சமையலறையில் இறக்கப் போனாள். மார்கழியில் கல்யாணம் கிடையாது. மண்டபத்தில் ஏதோ சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. ஆனால் தை மாதத்துக்கு நாள் பிடிக்க வந்தவர்களால் அலுவலகம் நிரம்பி வழிந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு தாய் மட்டும் நாள் பிடிக்க வரவில்லை. மகளின் சம்பந்தம் குழம்பிப் போனது, கட்டிய அட்வான்ஸைத் திருப்பித் தாருங்கள் என்று நின்றாள். மேலாளர் மூக்கால் அழுதார். நாள் வீணாகப் போனது, வேறு ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டோம் என்றெல்லாம் இழுத்தார். கடைசியில் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, தன் சதையைப் பிய்த்துக் கொடுப்பது போல எண்ணிக் கொடுத்தார்.

மேனகா காலித் தட்டுகளோடு அங்கேயே நின்றாள். தை மாதம் மேளம் கொட்டி, பந்தி முடிந்து, கடைசி ஆள் வெற்றிலை எடுத்துப் போகும்வரை அந்த லாச்சிக்குள் கிடக்கும் காசு மண்டபத்துடையது இல்லை. கையில் இருக்கிறது, ஆனால் உழைத்தது இல்லை. மண்டபம் ஒரு வேலைக்குக் கடமைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாம் தடவைக்கு மனப்பாடம் செய்த நியமம் இதைத்தான் நீட்டி முழக்கிச் சொன்னது என்று தெரிந்தபோது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வீட்டுக்குப் போய் நியமத்தை எடுத்து அகராதியோடு உட்கார்ந்தாள். இந்தத் தடவை மனப்பாடம் செய்யவில்லை. ஒவ்வொரு வரியோடும் ஏன், ஏன் என்று சண்டை பிடித்தாள்.

அடுத்த சனிக்கிழமை பலகையில் ஓர் இலக்கமும் எழுதவில்லை. குழம்பிப்போன கல்யாணத்தின் கதையைச் சொன்னாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இப்ப சொல்லுங்க, அந்தக் காசு யாரோடது?" என்று கேட்டாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். "சரி, அதையே இங்கிலிஷ்ல எழுதுங்க. பெரிய வசனம் வேணாம். சின்னச் சின்னதா நாலு வசனம் போதும்." எழுதினார்கள். இலக்கணம் அங்கங்கே நொண்டியது. காரணம் நேராக நின்றது. அன்று முதல் குப்பி தியறியில்தான் தொடங்கும், கணக்கு பிறகுதான்.

மயிலம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஒனக்கே வரலன்னு ரெண்டு தடவ சொல்லிட்டாங்க. நீ என்னான்னா ஊருக்குச் சொல்லிக் குடுக்குற. கடைசித் தடவடி இது."

"சொல்லிக் குடுத்தாத்தான்மா எனக்கு எது தெரியலன்னு தெரியுது."

"தெரியலன்னு தெரிஞ்சா மார்க் போடுவாங்களா?"

அம்மாவின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மேனகாவுக்கும் அந்தப் பயம் உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் ஒரு சனிக்கிழமையும் தவறவிடவில்லை. மழை பெய்த அன்று எல்லோரும் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து படித்தார்கள்.

பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளைத் திருப்பியதும் கை பழைய வழக்கத்தில் கணக்குப் பக்கத்துக்கே போனது. இழுத்துப் பிடித்தாள். தியறியில் குளிர்சாதனப் பெட்டி விற்கும் கம்பனி ஒன்று வந்திருந்தது. இரண்டு வருட உத்தரவாதத்தோடு இந்த வருடம் விற்கிறது. பழுதாகி வந்தால் அடுத்த வருடம்தான் திருத்திக் கொடுக்கும். அந்தச் செலவு எந்த வருடத்தது, ஏன்? மேனகா இந்தக் கேள்வியை முன்பின் பார்த்ததில்லை. மாடியில் யாரும் கேட்டதும் இல்லை. பேனையை வைத்துவிட்டு யோசித்தாள். பெட்டி பழுதாவது எப்போதோ. ஆனால் திருத்தித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தது விற்ற அன்றே. விற்ற காசை இந்த வருடத்தில் காட்டிவிட்டு, அந்த வாக்கின் பாரத்தை மட்டும் அடுத்த வருடத்தின் தலையில் கட்ட முடியாது. சின்னச் சின்ன வசனமாக ஆங்கிலத்தில் எழுதினாள், பக்கம் நிறைந்தது.

அதில் நேரம் போய்விட்டது. கடைசிக் கணக்கில், காசு வந்ததையும் போனதையும் காட்டும் காசுப் பாய்ச்சல் கூற்றின் இறுதி மீதி ஒத்துவரவில்லை. எங்கே பிழை என்று தேடும்போதே மணி அடித்தது. பிறந்ததிலிருந்து ஒரு கணக்கை அரைகுறையாக விட்டு எழுந்தவள் இல்லை மேனகா. அன்று விட்டு எழுந்தாள். வெளியே வந்த ஸைத், "கடைசி அது சரி வந்ததா?" என்று கேட்டான். இல்லை என்று தலையாட்டினாள். பெறுபேறு வரும்வரை அந்தக் கணக்கு அவளைத் தூங்கவிடவில்லை. தியறியைப் பிடித்துக் கணக்கை விட்டவள் என்று தானே தன்னைத் திட்டிக்கொண்டாள்.

பெறுபேறு வந்த அன்று முதலில் அழைத்தது சுபோதினி. அவளுக்கு ஏ. மாடிக்கு வந்த பிள்ளைகளில் ஒன்றுகூடத் தவறவில்லை. ஸைத்துக்கு சி. பிறகுதான் மேனகா தன்னுடைய பரீட்சைச் சுட்டெண்ணைத் தேடினாள். அவளுக்கும் சி.

மயிலம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னாச்சு?"

"பாஸ்மா. சி. துறைக்குள்ள எடுத்துருவாங்க."

அம்மாவின் முகம் மலர்ந்தது, உடனே கொஞ்சம் சுருங்கியது. "சியா? போன்ல பேசுன புள்ளைக்கு ஏ வந்துருக்காமே. நீதானே சொல்லிக் குடுத்த?"

"ரிப்பீட் எழுதுறவங்களுக்கு சிக்கு மேல போட மாட்டாங்கம்மா. நூத்துக்கு நூறு எழுதுனாலும் சிதான். அதான் சட்டம்."

"அப்ப நீ எத்தன எடுத்தேன்னு?"

"அது யாருக்கும் தெரியாது."

மயிலம்மா போனை எடுத்து ஹட்டனில் இருக்கும் தம்பிக்கு அடித்தாள். "பாஸாயிட்டாடா. ஆமா, அதே பாடந்தான். சி. இல்லடா, நீ நெனைக்கிற மாதிரி இல்ல. அவளுக்கு அதுக்கு மேல போட அவங்களுக்கு வழியில்லயாம்." மேனகா திருத்தப் போகவில்லை. திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.