ஒன்றரை வோல்ட்

பேய், பிசாசு என்று யாராவது துண்டுச்சீட்டு கொண்டுவந்தால் எங்கள் அலுவலகத்தில் அது நேராக என் மேஜைக்குத்தான் வரும். விருதுநகரில் ஒரு மாலைப் பத்திரிகைக்கு நிருபராக இருந்தேன். கிணற்றுக்குள் கொலுசுச் சத்தம் என்பார்கள். போய்ப் பார்த்தால் மோட்டார் பெல்ட் தேய்ந்திருக்கும். சுவரில் ரத்தம் என்பார்கள். பக்கத்து அச்சகத்தின் சிவப்பு மை கசிந்திருக்கும். அதையெல்லாம் கேலியாக எழுதி, எழுதியதை நானே இரண்டு முறை படித்துச் சிரித்துக்கொள்வேன். அதனால்தான் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நேரில் பார்க்காததை 'என்று கூறப்படுகிறது' என்று போட்டு முடிப்பது எங்கள் தொழில் வழக்கம். இதை அப்படி முடிக்க வழியில்லை. நடந்தது எனக்கு.

இரண்டாயிரத்து நாலு அல்லது ஐந்தாக இருக்கும். எனக்கு அப்போது கம்ப்யூட்டர் பைத்தியம். ப்ராசஸருக்குக் கம்பெனி நிர்ணயித்த வேகம் ஒன்று உண்டு. அதற்கு மேல் ஓட வைப்பதை ஓவர்க்ளாக்கிங் என்பார்கள். வேகத்தைக் கூட்டினால் மெஷின் திணறும், திணறாமல் இருக்க வோல்டேஜைக் கூட்ட வேண்டும், வோல்டேஜைக் கூட்டினால் சூடு ஏறும், சூடு ஏறினால் மறுபடியும் திணறும். இந்த மூன்றுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அதைத் தேடிப் பிடிப்பதுதான் சுகம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துப் படித்து, அந்த இடத்தை யாரைவிடவும் எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் அக்காவின் கணவர் காதர் மச்சான் சிவகாசியில் டிசைன் சென்டர் வைத்திருந்தார். காலண்டர் படம், பட்டாசு லேபிள் இரண்டும் அங்கே தயாராகும். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளைக் கோத்த ஆல்பம் வெளியாக வேண்டும் என்பது ஊர் வழக்கம். அன்றைக்கு ஆல்பம் கையில் இல்லாதவனுக்கு அந்த வருஷ சீசன் இல்லை. அந்த ஆடியில் பெரிய படங்களைத் தாங்க முடியாமல் மச்சானின் மெஷின் நின்று நின்று ஓடியது. புதிதாக வாங்கப் போகிறேன் என்றவரை நான்தான் தடுத்தேன். ஒன்று புள்ளி எட்டு கிகாஹெர்ட்ஸ் மெஷினை இரண்டு புள்ளி இரண்டுக்கு ஏற்றி, ஒன்றரை வோல்ட்டை 1.65 ஆக்கிக் கொடுத்தேன். படம் பறந்தது. மச்சான் என்னைத் தெருவெல்லாம் புகழ்ந்தார்.

மறுநாளே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெஷின் உறைந்து நின்றது. நான் வந்து பார்த்தபோது வேகம் நான் வைத்தபடியே இருக்கிறது, வோல்டேஜ் மட்டும் ஒன்றரைக்கு இறங்கியிருக்கிறது. மறுபடி ஏற்றிவிட்டுப் போனேன். அடுத்த நாளும் அப்படியே. போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருந்தால் எல்லாமே பழைய நிலைக்குப் போயிருக்கும், கடிகாரமும் தப்பாகக் காட்டும். கடிகாரம் சரியாக ஓடியது. ஆக, யாரோ உள்ளே போய் அந்த ஒரே ஓர் எண்ணை மட்டும் குறைக்கிறார்கள். மதியம் சூடு ஆறட்டும் என்று மெஷினை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே போவார்கள். அந்த அறையிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவள் செல்வி ஒருத்திதான்.

செல்வி அங்கே ஆபரேட்டர். முன்பு எம். புதுப்பட்டி பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். அவள் கணவர் அங்கே வெடிமருந்து கலக்குகிறவர். ஒரு விபத்தில் இறந்துபோனார். அதன் பிறகு, பட்டாசு வேலைக்கு ஆள் ஏற்றிப்போகும் வேனில் அவள் ஏறவில்லை. டி.டி.பி. படித்து இங்கே வந்து சேர்ந்தாள். ஆனாலும் மெஷின் முன்னால் உட்காருவதற்கு முன் ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை ஒரு தடவை அழுத்திவிட்டுத்தான் உட்காருவாள். மருந்து அறைக்குள் நுழைகிறவர்கள் உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் செம்புத் தகட்டைத் தொடுவார்கள், அந்தப் பழக்கம். நான் அதைக் கிண்டல் செய்திருக்கிறேன்.

நான்தான் மச்சானிடம் சொன்னேன், செல்வி கைவைக்கிறாள் என்று. மச்சான் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நான் எதுக்கு மொதலாளி அதத் தொடப்போறேன்? அது எங்கன இருக்குன்னே எனக்குத் தெரியாது."

"பெறகு யாரு, சாமியா வந்து மாத்துது? ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வரலைன்னா நான் என் கடையச் சாத்திட்டு உங்கூட வேன் ஏற வேண்டியதுதான்" என்றார் மச்சான். என்னிடம் திரும்பி, "இன்னொரு தடவ நின்னுச்சுன்னா இந்தப் பிள்ளைய அனுப்பிருவோம் மாப்ள. வேற வழியில்ல" என்றார்.

செல்வி என்னைப் பார்த்து, "அண்ணே, இந்த வேல போச்சுன்னா நான் திரும்ப அங்கனதான் போகணும். நீங்களே இருந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள். குரல் உயரவில்லை. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சரி, இருந்தே பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். அவள் செய்யவில்லை என்று நிரூபிக்க அல்ல. அவள் இல்லாவிட்டால் எண் மாறாது, அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற எண்ணம்தான்.

மறுநாள் காலை ப்ராசஸரின் மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவினேன். வெள்ளி நிறத்தில் இருக்கும், விரலில் பட்டால் சோப்பு போட்டாலும் போகாது. காற்று வரட்டும் என்று கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, கேபினெட்டை மேஜைக்கு அடியில் இருந்த பட்டாசுப் பெட்டிகளின் மேல் வைத்தேன். லேபிள் நிறம் ஒத்துப்பார்க்கக் கம்பெனிகள் அனுப்பிய சாம்பிள் பெட்டிகள் அவை. சரமும் புஸ்வாணமும் உள்ளேயே இருக்கும். வெளியூர்க்காரர்கள் அதிர்ச்சியடைவார்கள். எங்கள் பக்கத்தில் பட்டாசுப் பெட்டி என்பது கால் வைக்கும் பலகை, பேப்பர் பறக்காமல் வைக்கும் கல், அவ்வளவுதான்.

மதியம் எல்லோரையும் வெளியே அனுப்பினேன். செல்வி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு எதிர் டீக்கடை நிழலில் போய் உட்கார்ந்தாள், எனக்குத் தெரியும்படி. கதவை உள்பக்கம் தாழிட்டேன். ஜன்னல் சாத்தியிருந்தது. மெஷினைப் போட்டு, செட்டிங் பக்கத்துக்குள் போய், 1.65 வைத்துச் சேமித்து அணைத்தேன். அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டுப் பார்த்தால், நம்பினால் நம்புங்கள், ஒன்றரை.

பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. தோற்றுப்போன கோபம். 1.65 வேண்டாம், 1.75 வைக்கிறேன் என்று பேஜ்-அப் பொத்தானை அழுத்த ஆரம்பித்தேன். 1.60, 1.65, 1.70. அந்தப் பக்கத்திலேயே ப்ராசஸரின் சூடும் தெரியும். அறுபத்தொன்று, அறுபத்துநாலு என்று ஏறிக்கொண்டே இருந்தது. பிறகு நாற்பது என்றது, முப்பத்தொன்று என்றது. அறையே நாற்பதில் கொதிக்கும்போது காற்றாடி வைத்த ப்ராசஸர் அதற்குக் கீழே குளிர வழியே இல்லை. சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்தபடி மறுபடியும் பொத்தானை அழுத்தினேன்.

அப்போது என் வலது மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. பின்னாலிருந்து, வலப்பக்கமாக. இறுக்கிப் பிடிக்கவில்லை. அடுப்புப் பக்கம் கையை நீட்டுகிறவனைத் தடுப்பதுபோலப் பிடித்து, கீபோர்டிலிருந்து ஒரு சாண் மேலே தூக்கியது. பொத்தானில் என் விரல் இல்லை. திரையில் எண் இறங்கியது. 1.70, 1.65, 1.60. ஒன்றரையில் நின்றது. கை விட்டுவிட்டது.

திரும்பினேன். யாரும் இல்லை.

தாழ்ப்பாளை எப்படித் திறந்தேன் என்று தெரியவில்லை. தெருவில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தேன், வலது கையை உயர்த்திப் பிடித்தபடி. டீக்கடையில் இருந்த அச்சகப் பையன்கள், "என்ன நிருபரே, யாருக்கு ஓட்டு கேக்கீக?" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் ஓடிவந்து மெயினை அணைத்தார். இருவரும் குனிந்து பார்த்தோம். ப்ராசஸரை ஒட்டி நின்ற மின்தேக்கிகளில் மூன்றின் தலை உப்பி, ஒன்று வெடித்துப் பழுப்பாக வழிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் ஏறியிருந்தால் பொறி பறந்திருக்கும். பொறி விழும் இடத்தில் சாம்பிள் பெட்டிகள், ஒன்றின் மூடி திறந்து, திரி வெளியே தெரிந்தது. மச்சான் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி முற்றத்துக்குக் கொண்டுபோனார்.

"பேட்டரி கோளாறு மச்சான், செல்வி மேல தப்பில்ல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கேலி எழுதிப் பிழைத்தவன், வேறு எப்படிச் சொல்வேன்? செல்வியின் வேலை தப்பியது. போர்டை மாற்றி, பழைய வேகத்திலேயே ஓட்டி, அவள் இரவும் பகலும் உட்கார்ந்து ஆல்பத்தை முடித்தாள். அவளிடம் நான் மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் அவள் என்னை விடவில்லை. நான் போகும்போதெல்லாம் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரே கேள்வி: "அண்ணே, அன்னைக்கு உங்க கையப் பிடிச்சாகளா?" ஷாக் அடித்தது என்பேன். சரிண்ணே என்பாள். அவள் முகத்தில் ஓர் ஒளி வந்திருந்தது, நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்த ஒளி. கணவர் அங்கேதான் இருக்கிறார், தன் வேலையைக் காப்பாற்றினார் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் பேசுகிறாள் என்று மச்சான் சொன்னார்.

தீபாவளி கழிந்து ஒரு மதியம், பொய் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய், ஆமாம் என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். பிறகு, "கட்டவெரல் எந்தப் பக்கம் இருந்துச்சுண்ணே?" என்றாள்.

உள்பக்கம் என்று காட்டினேன்.

"அப்ப வலது கை. எத்தன வெரலு பட்டுச்சு?"

"அஞ்சும்தான்."

"நெசமாவா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"அஞ்சு விரல் தடமும் மணிக்கட்டுல வெள்ளியா இருந்துச்சும்மா. ரெண்டு நாள் போகல."

செல்வி மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவுகளுக்கு வலது கையில மூணு வெரலுதாண்ணே. கல்யாணத்துக்கு முன்னாலயே போயிருச்சு" என்றாள். "அப்ப அது அவுக இல்ல."

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சாப்பாட்டையும் வெளியே கொண்டுபோய்ச் சாப்பிட ஆரம்பித்தாள். முதலில் பொய் சொன்னதற்கா, கடைசியில் உண்மையைச் சொன்னதற்கா, எதற்கு அதிகம் வெட்கப்பட வேண்டும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அந்த வெள்ளி, பேஸ்ட்டாக இருக்கலாம். என் கையில் அது இருந்தது உண்மை. பட்டாசுக்குப் போடும் அலுமினியப் பவுடரும் அதே நிறம்தான். நானே பதற்றத்தில் என் மணிக்கட்டைப் பிடித்திருப்பேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக் குழாயடியில் நின்று, என் கையை விரித்து அந்தத் தடத்தின் மேல் வைத்து அளந்தும் பார்த்தேன். அதைச் செல்வியிடம் சொல்லவில்லை. என் உள்ளங்கையில் பாதிகூட இல்லை, சிறுபிள்ளைக் கைத்தடம் அது.