வாய் திறந்த மீன்கள்

படப்பையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மீன் பண்ணையில் ஏழு மாதம் இருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தாம்பரத்தில் டீக்கடை, ஒரகடத்தில் லோடு ஏற்றும் வேலை என்று எங்கேயும் கால் தங்கியதில்லை. இங்கே தங்கியதற்கு மீன்கள்தான் காரணம். பண்ணை என்றால் குத்தகைக்கு எடுத்த ஒரே ஒரு குளம். அதை நடத்திய அக்காவும் அவர் வீட்டுக்காரரும் கரையோரத்திலேயே குடியிருந்தார்கள். எனக்கு மோட்டார் கொட்டகை. மழை வந்தால் ஒரு பக்கம் ஒழுகும், மறுபக்கம் படுத்துக்கொள்வேன்.

தீனி வைப்பது என் வேலை. தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் கலந்து, ஓட்டை போட்ட சாக்கில் கட்டி, குளத்தில் நட்ட மூங்கிலில் தொங்கவிட வேண்டும். மீன்கள் வந்து ஓட்டையில் வாய் வைத்து இழுத்துத் தின்னும். வெயில் நன்றாக அடித்தால் மதியத்துக்குள் சாக்கு சுருங்கிவிடும். கட்லா மீன் திமிராக வந்து இடிக்கும். ரோகு சத்தமில்லாமல் தின்னும். குளிர் நாளில் இரண்டுமே சோம்பேறிகள். வெயில் ஏறும்வரை சாக்குப் பக்கம் வராது. "உன்ன மாதிரியேதான்டா" என்பார் அக்கா.

ஐப்பசியில் மூன்று நாள் வானம் மூடியே கிடந்தது. சாக்கைத் தூக்கிப் பார்த்தால், வைத்தது வைத்தபடி கனத்தது. அடுத்த வாரம் வலை போட இருந்தார்கள். ஒரு வருஷம் வளர்த்த மீன், இந்த நேரத்தில் இளைத்துப் போனால் என்ன செய்வது என்று மறுபடி மறுபடி சாக்கைத் தூக்கிப் பார்த்தேன்.

நான்காம் நாள் விடிந்ததும் பார்த்தால், மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். பசி வந்துவிட்டது, சாக்கு வரை போகத் தெம்பில்லை என்று நினைத்தேன். நானும் அப்படிக் கிடந்திருக்கிறேன். ஒரு கூடைத் தவிட்டை எடுத்து வந்து வாரி வாரி இறைத்தேன். ஒரு மீனும் தொடவில்லை. அவற்றின் முதுகைச் சுற்றித் தவிடு மிதந்தது.

பல் துலக்கிக்கொண்டே வந்த அக்கா பிரஷ்ஷைத் தூக்கி எறிந்தார்.

"டேய், இன்னாடா பண்ணிகினு கீற?"

"பசிக்குது போலக்கா, வாயத் தொறக்குதுங்க."

"பசியா? மூச்சு முட்டுதுடா அதுங்களுக்கு! நீ வேற தவிட்டக் கொட்டிகினு கீற. மோட்டாரப் போடு!"

கரண்ட் இல்லை. வீட்டுக்காரர் பக்கத்து நிலத்து டீசல் இன்ஜினைக் கேட்டுவர வண்டியில் பறந்தார். அக்கா நைட்டியோடு குளத்தில் இறங்கினார், நானும் குதித்தேன். தண்ணீரைக் கையாலும் காலாலும் அடித்தோம். பக்கெட்டில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம்.

"வெயில் இல்லன்னா தண்ணில காத்து சேராதுடா. அப்ப அதுங்க துன்னாது. துன்னாத தீனி அழுவி, இருக்கற காத்தையும் இழுத்துடும். மோடம் போட்டா தீனியக் கொறைன்னு சொன்னேனா இல்லியா?"

"சொல்லலக்கா."

"சொல்லலியா?" ஒரு நொடி நின்றார். "சரி, அடி! பேச்சு வேணாம், அடி!"

இன்ஜின் வந்து, குளத்துத் தண்ணீரையே இறைத்துக் குளத்தில் கொட்ட ஆரம்பித்ததும் மீன்கள் அந்தப் பக்கம் நெருக்கியடித்து ஓடின. ஒன்பது மணிக்குமேல் லேசாக வெயில் வந்தது. வாய்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. கரையோரம் பதினான்கு மீன் செத்து ஒதுங்கிக் கிடந்தது. அக்கா ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

நான் கொட்டகைக்குப் போய்ப் பையில் துணியைத் திணித்தேன். அவர் வாசலில் வந்து நின்றார்.

"எங்க கெளம்பிட்டாரு சாரு? மெதக்கற தவிட்ட உங்க மாமனாரா வந்து அள்ளுவாரு?"

கொசுவலைத் துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினேன். மார்பளவு தண்ணீர். தவிட்டை அரித்தபடி நடுக்குளம் வரை போனபோது கணுக்காலில் ஏதோ வழுக்கிக்கொண்டு போனது. பிறகு முழங்காலில் ஒன்று இடித்தது, திமிராக.

"அக்கா, அடில சுத்துதுங்க!" என்று கத்தினேன்.

"ஆடாம நில்லுடா, பயந்துடப் போவுது" என்றார் அக்கா.